ஒற்றை காங்காவா, ஸ்டாண்டோடு ஜோடியா?

கேள்வி: கல்லூரி நாளிலிருந்து மெல்லிசைக் குழுவில் டோலக்கும் தபேலாவும் வாசிக்கிறேன். இப்போது நண்பர்களோடு சேர்ந்து ஃபங்க், லத்தீன் சோல் பாடல்கள் வாசிக்கிறோம். காங்கா (கையால் தட்டி வாசிக்கும் உயரமான பீப்பாய் டிரம்) வாங்கப் போனால் கடைக்காரர் மூன்று டிரம் செட்டாக எடுக்கச் சொல்கிறார். ஆன்லைனிலோ ஸ்டாண்டோடு ஒரு ஜோடி, அதில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. எதை வாங்குவது? (சென்னை வாசகர்)

பதில்: இரண்டும் வேண்டாம். அந்தப் பணத்தில் நல்லதாக ஒரே ஒரு டிரம் வாங்குங்கள். 11¾ இன்ச் வாய் உள்ளது.

முதலில் பெயர்க் குழப்பம். நம் ஊர்க் கடைகளில் 'காங்கோ' என்றும், ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் 'தும்பா' என்றும் சொல்வது இதைத்தான். பிறந்த மண்ணான கியூபாவில் 'தும்படோரா' என்பார்கள். முழு அளவில் மூன்று உருப்படி உண்டு: 11 இன்ச் கின்டோ, 11¾ இன்ச் காங்கா, 12½ இன்ச் தும்பா. கின்டோ உச்சத்தில் பேசும், தனி ஆவர்த்தனம் அதற்குத்தான். தும்பா அடித்தொண்டை. நடுவில் இருக்கும் காங்காதான் தாளத்தைத் தூக்கிக்கொண்டு போகும். கம்பெனிக்குக் கம்பெனி கால் இன்ச் கூடும், குறையும்.

இனி அந்த ஆன்லைன் ஜோடி. தொடக்கநிலை ஜோடிகள் பெரும்பாலும் 10 இன்ச்சும் 11 இன்ச்சும்தான். உயரமும் 30 இன்ச்சுக்குப் பதிலாக 28 இருக்கும். ஆனால் பெட்டியில் 'கின்டோ, காங்கா' என்று அச்சடித்திருப்பார்கள். பெயரைப் பார்த்து வாங்கியவர் வீட்டுக்கு வந்து அடித்துப் பார்த்தால் குரல் மெலிந்திருக்கும். பெயரைப் படிக்காதீர்கள், இன்ச்சைப் படியுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு என்றால் நானே அந்த ஜோடியை வாங்கச் சொல்வேன்.

ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஆரம்பத்தில் ஆளுக்கு ஒரு டிரம்தான் இருந்தது. ஒருவரே இரண்டு, மூன்றை முன்னால் நிறுத்தி வாசிப்பதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் கியூபாக் கலைஞர் காந்திதோ கமேரோ. 2020-ல் 99 வயதில் காலமானார். அந்தப் பழக்கம் வருவதற்கு முன்னால் ஒற்றை டிரம்மில்தான் கச்சேரி நடந்தது.

உங்கள் இசைக்கும் அது போதும். லத்தீன் வாசிப்பின் அடிப்படையான தும்பாவோவை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு எண்ணிக்கைக்குள் எட்டு அடிகள் கொண்ட சுற்று அது: இடது உள்ளங்கையின் அடிப்பகுதி, இடது விரல்நுனி, வலது கை ஸ்லாப் (பளாரென்று அறையும் அடி), இடது விரல்நுனி, மறுபடி இடது உள்ளங்கை, விரல்நுனி, கடைசியில் வலது கையால் இரண்டு ஓபன் டோன் (அடித்ததும் கையை எடுத்து ஒலிக்கவிடும் அடி). கேட்பவர் காதில் விழுவது ஸ்லாப்பும் கடைசி இரண்டும்தான். மற்ற ஐந்தும் உங்களுக்கு நீங்களே போட்டுக்கொள்ளும் கணக்கு, தொடையில் தாளம் போடுகிற மாதிரி. அந்த ஸ்லாப் இரண்டாவது எண்ணிக்கையில் விழும். ஃபங்க்கில் டிரம் செட்டின் ஸ்னேரும் அங்கேதான் விழுகிறது. இரண்டும் ஒட்டி விழுந்தால் ஆள் எழுந்து ஆடுவான். மயிரிழை விலகினாலும் சட்டி உருண்ட மாதிரி இருக்கும். பேஸ், கிட்டார், ஆர்கன் எல்லாம் இடத்தை அடைத்துக்கொண்ட பிறகு காங்காவுக்கு மிஞ்சுவது சின்னச் சின்ன இடைவெளிகள்தான். மூன்று டிரம்மையும் உருட்டினால் பாட்டு மூச்சுத் திணறும். அமெரிக்க சோல் பாடகர் கர்ட்டிஸ் மேஃபீல்டின் 1970 பாடலான 'மூவ் ஆன் அப்'பைப் பொறுமையாகக் கேளுங்கள். அதில் காங்கா வாசித்தவர் 'மாஸ்டர்' ஹென்றி கிப்சன். அத்தனை வேகத்திலும் யார் காலையும் மிதிக்கவில்லை.

கடையில் சோதிக்க ஒரு வழி. மோதிரத்தைக் கழற்றுங்கள். தோலை இழுத்துப் பிடிக்கும் ஒவ்வொரு கொக்கிக்கு நேரேயும் விளிம்பு ஓரமாக ஒரு விரலால் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள்; மிருதங்கத்தில் சுருதி பார்ப்பதுபோலத்தான். ஓரிடத்தில் மட்டும் சுருதி இறங்கினால் நட்டைத் திருகிச் சரிசெய்யச் சொல்லுங்கள். திருகியும் சேரவில்லை என்றால் கட்டையின் வாய் வட்டமாக இல்லை, வேறு எடுங்கள். அப்புறம், டிரம் தரையில் உட்கார்ந்திருந்தால் அடிவாய் மூடிக்கொள்ளும், பேஸ் ஒலி செத்துப்போகும். ஸ்டாண்டில் வைக்கச் சொல்லுங்கள், அல்லது முழங்காலால் லேசாகச் சாய்த்துப் பிடித்து அடித்துப் பாருங்கள். "இதில் பேஸே இல்லையே" என்று நல்ல டிரம்மை ஒதுக்கிவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆறு மாதம் கழித்தும் ஆசை குறையவில்லை என்றால் அதே கம்பெனி, அதே வரிசையில் தும்பா வாங்குங்கள். காங்காவுக்கு நான்கு சுரம் கீழே, அதாவது அது 'ச' என்றால் இது மந்தர 'ப', என்று சேர்த்தால் பெரும்பாலான பாட்டுக்கு ஒத்துப்போகும்.

கேள்வி: தோல் நல்லதா, பிளாஸ்டிக் நல்லதா? டொரண்டோவில் அபார்ட்மென்ட்டில் இருக்கிறேன். குளிர்காலத்தில் என் டிரம் தானாகவே சுருதி ஏறிவிடுகிறது.

பதில்: ஹீட்டர் செய்யும் வேலை அது. ஊரில் பறை வாசிப்பவர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்களே, அதைத்தான் உங்கள் ஹீட்டர் நாள் முழுக்கச் செய்கிறது. கியூபாவிலும் தோலை ஆணியடித்து மாட்டிய காலத்தில் நெருப்புக் காட்டித்தான் சுருதி ஏற்றினார்கள். கொக்கியும் நட்டும் வைத்து இறுக்கும் முறை பின்னால் வந்தது. அதற்குக் கியூபாக் காங்கா கலைஞர் கார்லோஸ் 'பதாதோ' வல்தேஸின் பெயரைச் சொல்வார்கள்.

வாசித்து முடித்ததும் எல்லா நட்டையும் ஒரே அளவு, ஒன்றிரண்டு சுற்று தளர்த்திவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் ஒரு ஜனவரி ராத்திரி 'டப்' என்று சத்தம் கேட்கும், காலையில் புதுத் தோல் வாங்கக் கிளம்ப வேண்டியதுதான். டிரம்மை ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள். தோலாவது மாற்றலாம், கட்டையின் ஒட்டு விட்டால் செலவு பெரிது.

பிளாஸ்டிக் தலைக்கு (தோலுக்குப் பதில் வாயில் மாட்டுவது) இந்தத் தொல்லை இல்லை. ஸ்லாப் பளிச்சென்று விழும், எலெக்ட்ரிக் கிட்டாரைத் தாண்டிக் கேட்கும். ஆனால் ஓபன் டோனில் தோலுக்கு உள்ள இளஞ்சூடு அதில் வராது, கையும் சீக்கிரம் எரியும். என் சொந்த ருசி தோல்தான். மாதம் நான்கு நிகழ்ச்சி, அதுவும் திறந்தவெளியில் என்றால் வாதாட மாட்டேன், பிளாஸ்டிக் போடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி வளையமும் வாய் அளவும் மாறும் என்பதால், உங்கள் மாடலுக்குப் பொருந்துமா என்று கேட்காமல் தலை வாங்காதீர்கள்.

கேள்வி: காங்காவில் 'சயாம் ஓக்' என்று போட்டிருக்கிறது. உண்மையான ஓக் மரம்தானா? (மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: இல்லை. உங்கள் ஊர்த் தோட்டத்தில் பால் வடிகிறதே, அதே ரப்பர் மரம். பால் வற்றிய மரங்களைத் தாய்லாந்தில் அறுத்துப் பதப்படுத்தி டிரம் செய்கிறார்கள், விற்கும்போது இந்தப் பெயர். ஏமாற்று என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். பெரிய கம்பெனிகளின் நல்ல டிரம்களே அந்த மரத்தில் வருகின்றன. பதப்படுத்தாத ரப்பர் மரத்தைப் பூச்சி அரிக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெயரில்லாத கம்பெனி என்றால் உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள், மாவு ஒட்டினால் வைத்துவிடுங்கள். 'ஓக்' என்று சொல்லி ஓக் விலை கேட்டால் மட்டும் சண்டை போடுங்கள்.

கேள்வி: பழைய ஃபைபர்கிளாஸ் காங்கா ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: தாராளமாக. சத்தம் மரத்தைவிடக் கூர்மை, பிராஸ் செக்‌ஷன் (ட்ரம்பெட் போன்ற ஊதுகருவிகள்) இருக்கும் குழுவுக்குப் பொருத்தம். வெயிலும் மழையும் டிரம்மின் உடலை ஒன்றும் செய்யாது. நட்டுகள் ஸ்பேனருக்கு அசைகின்றனவா, கொக்கியில் இன்னும் இறுக்க மரை மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். வளையத்தை ஏற்கெனவே அடிவரை இழுத்துவிட்டிருந்தால் தோலுக்கு ஆயுள் முடிந்தது, அந்த விலையைக் கழித்துப் பேசுங்கள். அடிவாய் வழியாக ஃபோன் டார்ச்சை உள்ளே அடித்து வெளிச்சம் எங்காவது கசிகிறதா என்று பார்ப்பது மர டிரம்முக்கு இன்னும் முக்கியம். நான் ஒருமுறை பளபளப்பைப் பார்த்து மயங்கி ஒரு மர ஜோடி வாங்கினேன். மூன்றாம் மாதம் இரண்டு பலகைக்கு நடுவில் நாலணா நுழையும் அளவு இடைவெளி. விற்றவர் ஃபோனை எடுக்கவில்லை.

கேள்வி: விளம்பரத்தில் 11¾, 12½ இன்ச் என்று போட்டு, வந்தது 10, 11. திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார் ஆன்லைன் விற்பனையாளர். (கோவை வாசகர்)

பதில்: எடுத்தே ஆக வேண்டும். 2020-ன் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்பப் பெறவோ பணம் தரவோ மறுக்க முடியாது. விளம்பரப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கே எண்ணை மாற்றிவிடுவார்கள். டிரம் வாயின் குறுக்கே அளவு டேப்பை வைத்து, எண் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். விற்பனையாளருக்கும் தளத்துக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் 1915-க்கு அழையுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். பதில் வரும்வரை ஆசைக்குக்கூட அந்த டிரம்மை வாசிக்காதீர்கள்; கைரேகை விழுந்த தோலைக் காட்டி "உபயோகித்துவிட்டீர்கள்" என்பார்கள்.