மேக்கில் பேஸ்ட் ஆகலை, டிவியில் தெரியலை: ஒரு ஹார்டு டிஸ்க் பஞ்சாயத்து

கேள்வி: அண்ணே, பழைய வண்ணாரப்பேட்டையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். போன வாரம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கினேன். வீட்டில் இருப்பது விண்டோஸ். கலர் வேலைக்கு மட்டும் ராயபுரத்தில் நண்பருடைய மேக். அவர் மேக்கில் சொருகினால் ஃபைல் எல்லாம் தெரிகிறது, வீடியோ ஓடுகிறது, ஆனால் முடித்த வேலையைத் திருப்பி டிஸ்க்கில் போட முடியவில்லை. கடையில் கேட்டால் "மூணு பார்ட்டிஷனா பிரிச்சு, எல்லா கம்ப்யூட்டருக்கும் செட் ஆகிற மாதிரி ஃபார்மேட் பண்ணித் தரோம், 500 ரூபாய்" என்கிறார்கள். கொடுக்கலாமா? 2 டிபி என்று சொல்லி விற்றார்கள், கம்ப்யூட்டரில் 1.81 தான் காட்டுகிறது. ஏமாந்துட்டேனா?

பதில்: தம்பி, அந்த 500 ரூபாயை முதலில் பையிலேயே வையுங்கள்.

1.81 விஷயத்தில் உங்களை யாரும் ஏமாற்றவில்லை. டிஸ்க் கம்பெனிக்காரர்கள் ஒரு டிபி என்றால் லட்சம் கோடி பைட் என்று ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது, அதனால் 2 டிபி அங்கே 1.81 ஆகிறது. அதே டிஸ்க்கை நண்பருடைய மேக்கில் பாருங்கள், 2 டிபி என்றே காட்டும், மேக்கும் ஆயிரமாகத்தான் எண்ணுகிறது. சரக்கு ஒன்றுதான், படிக்கல் வேறு.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஃபார்மேட் என்பது டிஸ்க் ஃபைல்களை அடுக்கி வைக்கிற முறை. உங்கள் டிஸ்க் என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டில் வந்திருக்கும். 1993-ல் விண்டோஸ் என்டியோடு வந்த ஃபார்மேட் அது, இன்றைக்கும் விண்டோஸுக்கு அதுதான் சொந்த வீடு. மேக் அதைப் படிக்கும், ஆனால் அதில் எழுதாது. சந்தேகம் இருந்தால் மேக்கில் டிஸ்க் படத்தைத் தொட்டு கமாண்ட் ஐ அழுத்துங்கள். திறக்கும் பெட்டியில் ஃபார்மேட் பெயர் இருக்கும், அடியில் உங்களால் படிக்க மட்டுமே முடியும் என்று ஒரு வரியும் இருக்கும். டிஸ்க்கும் கெடவில்லை, மேக்கும் கெடவில்லை.

எந்த ஃபார்மேட் நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இந்த டிஸ்க்கை எந்தெந்த மெஷினில் சொருகப் போகிறேன், அதில் எது படித்தால் போதும், எது எழுதியே ஆக வேண்டும், இதை ஒரு துண்டுப் பேப்பரில் எழுதிவிட்டால் பதில் தானாக வந்துவிடும். உங்கள் பேப்பரில் விண்டோஸ், எழுத வேண்டும். மேக், எழுத வேண்டும். அவ்வளவுதான். இரண்டும் எழுதுகிற ஒரே நல்ல ஃபார்மேட் எக்ஸ்ஃபேட். இதற்கு மூன்று பார்ட்டிஷன் எதற்கு? அவர்கள் பிரித்துக் கொடுத்தால் விண்டோஸுக்கு ஒரு துண்டு, மேக்குக்கு ஒரு துண்டு என்று ஆகி, மேக் துண்டை விண்டோஸ் திறக்கவே திறக்காது, நீங்கள் மறுபடியும் அதே இடத்தில் நிற்பீர்கள்.

எக்ஸ்ஃபேட் உங்களுக்குப் புதிதும் இல்லை. கேமராவில் 64 ஜிபி, 128 ஜிபி கார்டு போடுகிறீர்களே, அந்த எஸ்டிஎக்ஸ்சி கார்டெல்லாம் எக்ஸ்ஃபேட்தான். அதே கார்டு உங்கள் விண்டோஸிலும் திறக்கிறது, ராயபுரத்து மேக்கிலும் திறக்கிறது, என்றைக்காவது யோசித்தீர்களா ஏன் என்று? மைக்ரோசாஃப்ட் 2006-ல் கொண்டுவந்தது, மேக் 2010 வாக்கிலிருந்தே அதில் எழுதுகிறது.

ஃபேட்32-ம் எல்லாவற்றிலும் ஓடுமே என்று யாராவது சொல்வார்கள். ஓடும், ஆனால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். திருவொற்றியூரில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து, 6 ஜிபி வீடியோவைப் பென்டிரைவில் போடுகிறேன், ஃபைல் பெரிதாக இருக்கிறது என்று நின்றுவிடுகிறது, பென்டிரைவிலோ 20 ஜிபிக்கு மேல் காலி. டூப்ளிகேட் மால் என்று முடிவு கட்டி, கடைக்காரரிடம் நாலு பேர் முன்னால் கத்திவிட்டு வந்தேன். ராத்திரி உட்கார்ந்து படித்தபோதுதான் தப்பு யார் பேரில் என்று தெரிந்தது. மறுநாள் அந்தத் தெரு வழியாகவே போகவில்லை.

சரி, ஃபார்மேட் செய்வது எப்படி. ஃபார்மேட் என்றால் உள்ளே இருப்பது போய்விடும், அதனால் டிஸ்க்கில் இருக்கும் எல்லாவற்றையும் முதலில் வேறு இடத்தில் காப்பி எடுங்கள். எடுத்ததில் நாலு வீடியோவையாவது திறந்து, நடுவில் இழுத்து ஓடவிட்டுப் பாருங்கள். பெயர் தெரிகிறது என்பதற்காக ஃபைல் நன்றாக இருக்கிறது என்று நம்பக் கூடாது. அப்புறம் மற்ற பென்டிரைவ், டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அவசரத்தில் பக்கத்து டிரைவை ஃபார்மேட் செய்துவிட்டு வந்து நின்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். விண்டோஸில் திஸ் பிசியைத் திறந்து, டிஸ்க்கின் மேல் ரைட் கிளிக், ஃபார்மேட், ஃபைல் சிஸ்டம் என்ற இடத்தில் எக்ஸ்ஃபேட், அலோகேஷன் யூனிட்டை அது காட்டுகிறபடியே விட்டுவிடுங்கள், குவிக் ஃபார்மேட் டிக் இருக்கட்டும், ஸ்டார்ட். ஒரு நிமிஷம்கூட ஆகாது, இதற்குத்தான் 500 கேட்டார்கள். ஃபார்மேட் செய்வதால் வாரண்டி போய்விடும் என்று கடையில் பயமுறுத்தினாலும் நம்ப வேண்டாம், டிஸ்க்கின் வெளிக்கூட்டைக் கழற்றிப் பிரித்தால்தான் அந்தப் பிரச்சினை.

ஃபார்மேட்டை விண்டோஸிலேயே செய்துவிடச் சொல்வேன், மேக்கில் செய்த எக்ஸ்ஃபேட் சில சமயம் விண்டோஸில் முரண்டு பிடிக்கிறது. மேக்கில்தான் செய்தாக வேண்டும் என்றால் டிஸ்க் யூட்டிலிட்டியில் வியூ மெனுவில் ஷோ ஆல் டிவைசஸ் கொடுத்து, மேலே தெரியும் முழு டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, ஃபார்மேட்டில் எக்ஸ்ஃபேட் கொடுத்து அழியுங்கள். பிற்பாடு விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்டில் 200 எம்பிக்கு ஒரு குட்டிப் பார்ட்டிஷன் தெரியலாம், அது மேக் தனக்காகப் போட்டுக்கொள்வது, வைரஸ் இல்லை.

எக்ஸ்ஃபேட்டில் ஒரு குறை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். என்டிஎஃப்எஸ் தான் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டுதான் செய்யும், நடுவில் கரண்ட் போனாலும் அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். எக்ஸ்ஃபேட்டுக்கு அந்தக் குறிப்பேடு கிடையாது. காப்பி ஓடும்போது கேபிளைப் பிடுங்கினால் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் மட்டுமில்லை, முழு ஃபோல்டரே குழம்பிப் போகலாம். எஜெக்ட் கொடுத்துவிட்டு எடுங்கள், பைக் ஸ்டார்ட் பண்ணி வாசலில் ஆள் நிற்கிறார் என்றாலும். ஒரு தடவை அப்படிப் பிடுங்கிய டிஸ்க்கை மேக்கில் போட்டேன், விளக்கு எரிகிறது, டிஸ்க் சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. செத்துப்போச்சு என்று கழற்றப் போனேன். ஆக்டிவிட்டி மானிட்டரில் பார்த்தால் மேக் பின்னால் சத்தமில்லாமல் அதைப் பரிசோதித்துக்கொண்டிருக்கிறது, முக்கால் மணி நேரம் கழித்து டிஸ்க் தானாக வந்தது. அப்போது கழற்றியிருந்தால் கதை வேறு. கேபிளையும் பாருங்கள், அந்த அகலமான, ஓரத்தில் பள்ளம் விழுந்த முனை கொஞ்ச நாளில் லூஸாகிவிடும், மேஜையைத் தட்டினாலே டிஸ்க் போய்ப் போய் வரும். டிஸ்க் போச்சு என்று வருகிறவர்களில் சிலருக்குப் புதுக் கேபிளே போதுமாக இருக்கிறது.

பார்ட்டிஷன் எப்போது வேண்டும்? அந்த மேக் உங்களுடையதாக இருந்து, மேக்கிலேயே இருக்கும் டைம் மெஷின் என்ற பேக்கப்பும் இதே டிஸ்க்கில் வேண்டும் என்றால். டைம் மெஷின் எக்ஸ்ஃபேட்டில் உட்காராது, அதற்கு மேக்கின் சொந்த ஃபார்மேட்டில் ஒரு துண்டு வேண்டும். அந்த முடிவை இப்போதே எடுத்துவிடுங்கள், ஏனென்றால் என்டிஎஃப்எஸ்ஸைப் பின்னால் சுருக்கி இடம் எடுக்க விண்டோஸில் வழி இருக்கிறது, எக்ஸ்ஃபேட்டைச் சுருக்க வழி இல்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். "ஒரு பார்ட்டிஷனில் வேலை, இன்னொன்றில் பேக்கப்" என்று மட்டும் பிரித்துவிடாதீர்கள். கீழே விழுந்தால் இரண்டும் சேர்ந்தே விழும். எம்.சி. ரோட்டில் புடவை எடுத்து, மண்டபம் பிடித்து, ஒரு தடவைதான் நடக்கிறது கல்யாணம், அந்த ஃபுட்டேஜுக்குத் தனியாக இன்னொரு டிஸ்க் வாங்குங்கள். கடைக்குக் கொடுக்க இருந்த 500-ஐ அதில் போடலாம்.

கஸ்டமர் வீட்டு டிவிக்கு இந்த டிஸ்க்கைக் கொண்டுபோக வேண்டாம். பழைய டிவிகளில் பல எக்ஸ்ஃபேட்டைக் கண்டுகொள்ளாது, சிலது முதல் பார்ட்டிஷனை மட்டும்தான் பார்க்கும். ஃபேட்32 போட்ட 32 ஜிபி பென்டிரைவில், 4 ஜிபிக்குக் கீழே இருக்கும்படி எம்பி4 ஆக எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன் சார், காலேஜ் படிக்கிறேன். அக்காவுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப் என்னிடம் இருக்கிறது, விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இரண்டும் உண்டு. எக்ஸ்ஃபேட் போட்ட ஹார்டு டிஸ்க் விண்டோஸில் வருகிறது, லினக்ஸில் திறக்கவில்லை. சில சமயம் டிக் டிக் என்று சத்தமும் வருகிறது.

பதில்: லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே எக்ஸ்ஃபேட் வந்தது 2019 கடைசியில் வந்த 5.4 பதிப்பில்தான், அதற்கும் நல்ல டிரைவர் வந்தது 2020-ல். உங்கள் பாஸ் லினக்ஸ் அதற்கு முந்தியது. எக்ஸ்ஃபேட்-ஃப்யூஸ் என்ற பேக்கேஜைப் போட்டால் திறக்கும். அது கிடைக்காமல் அலைந்தால், நீங்கள் மேக் பக்கமே போவதில்லை என்பதால் டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் ஆக்கிவிடுங்கள், பழைய லினக்ஸ்கூட பெரும்பாலும் அதில் எழுதும். ப்ராஜெக்ட் கோடு மாதிரி ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல் வைத்திருந்தாலும் என்டிஎஃப்எஸ்தான் லாபம். பெரிய டிஸ்க்கில் எக்ஸ்ஃபேட் ஒரு ஃபைலுக்குக் குறைந்தது 128 கேபி ஒதுக்கும், 2 கேபி ஃபைலாக இருந்தாலும் அவ்வளவு இடம் போகும்.

அந்த டிக் டிக் சத்தத்தை அலட்சியம் செய்யாதீர்கள். பழைய யுஎஸ்பி 2 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும், புது டிஸ்க்குக்கு அது பற்றாமல் இருக்கலாம். வேறு லேப்டாப்பில், நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அந்தச் சத்தம் வந்தால் டிஸ்க் போகப் போகிறது என்று அர்த்தம், ஃபார்மேட்டைப் பற்றி யோசிக்காமல் முதலில் காப்பி எடுங்கள்.

கேள்வி: கொருக்குப்பேட்டை. ஆன்லைனில் 16 டிபி எஸ்எஸ்டி 1,999 ரூபாய்க்கு வாங்கினேன். 16 டிபி என்றுதான் காட்டுகிறது, ஆனால் ஏற்றிய போட்டோக்களில் பாதி திறக்கவில்லை. எந்த ஃபார்மேட் போட்டால் சரியாகும்?

பதில்: எந்த ஃபார்மேட் போட்டாலும் ஆகாதம்மா, அது டுபாக்கூர். உள்ளே சின்னதாக ஒரு மெமரி கார்டு இருக்கும், அதன் சிப்பை 16 டிபி என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். உண்மையான இடம் நிரம்பிய பிறகு பழையதன் மேலேயே எழுதும், அல்லது எழுதுகிற மாதிரி நடிக்கும். ஃபார்மேட் செய்தாலும் அதே பொய்யைத்தான் திருப்பிச் சொல்லும். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்து உண்மையான அளவைச் சொல்லிவிடும். போட்டோவை வேறு இடத்தில் எடுத்துக்கொண்டு அதை ஓடவிட்டு, ரிசல்ட்டைப் படம் எடுங்கள். பில், விளம்பரப் படம் எல்லாம் சேர்த்து விற்றவருக்கு எழுதிப் பணத்தைக் கேளுங்கள். மழுப்பினால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற இடத்திலேயே வழக்குப் போட முடியும். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை. 2 வருஷத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: மாமாவின் மேக் டிஸ்க்கை என் விண்டோஸில் போட்டேன். ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று கேட்டது, தெரியாமல் ஓகே கொடுத்துட்டேன். இப்போ காலியாக இருக்கிறது. தண்டையார்பேட்டை.

பதில்: உடனே கழற்றி வையுங்கள். தனக்குப் புரியாத டிஸ்க் எதைப் பார்த்தாலும் விண்டோஸ் அதைத்தான் கேட்கும், கேன்சல் கொடுத்திருக்க வேண்டும். குவிக் ஃபார்மேட் என்றால் அழிந்தது பெரும்பாலும் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான், போட்டோக்கள் அங்கேயே கிடக்கும், மேலே புதிதாக எதையும் எழுதாத வரைக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை வேறு கம்ப்யூட்டரில் போட்டு, மீட்பதை வேறு டிஸ்க்கில் இறக்குங்கள். ஃபைல் பெயர், ஃபோல்டர் எதுவும் வராது, படம் வரும். குவிக் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுத்திருந்தாலோ, மாமா பாஸ்வேர்டு போட்டு என்கிரிப்ட் செய்து வைத்திருந்தாலோ நம்பிக்கை இல்லை. இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்னால் மாமாவுக்கு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், ஒருவேளை அவரிடம் இன்னொரு காப்பி இருக்கும், திட்டு வாங்குவதோடு போய்விடும்.