வாசகர் கேள்வி–பதில்: இணையவழிச் சதுரங்கத்தில் கடிகாரமும் ஓர் எதிராளி

கேள்வி: அடுத்த மாதம் முதன்முறையாக இணையவழிச் சதுரங்கப் போட்டி ஒன்றில் ஆட இருக்கிறேன். பத்து நிமிட ஆட்டம். நகர்த்தலுக்குக் கூடுதல் வினாடி எதுவும் கிடையாது. வெள்ளைக் காய்களுடன் ஆடப் புதிய ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல் வரிசை) ஒன்றை இப்போது கற்றுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். லண்டன் சிஸ்டமோ இத்தாலியனோ, ஏற்கெனவே பழகியது எதுவோ அதையே ஆடுங்கள். பொழுதுபோக்காக ஆடுபவர்களின் ஆட்டங்கள் ஓப்பனிங்கிலேயே முடிவாவது அரிது. கவனிக்காமல் விட்ட காயாலும் தீர்ந்துபோன நேரத்தாலுமே பெரும்பாலும் புள்ளிகள் பறிபோகின்றன. பத்து நிமிடம் என்பது 600 வினாடி. ஆட்டம் 40 நகர்த்தல்கள் நீடித்தால் ஒன்றுக்குச் சராசரியாக 15 வினாடியும், 60 நகர்த்தல்கள் நீடித்தால் 10 வினாடியும்தான் கிடைக்கும். முதல் பத்து நகர்த்தல்களை ஒரு நிமிடத்துக்குள் முடிக்க உதவுமானால், ஓப்பனிங் அறிவு தன் வேலையைச் செய்துவிட்டது என்றே கொள்ளலாம்.

எனவே போட்டியில் உள்ள அதே நேர அளவில் பயிற்சி ஆட்டங்களை ஆடுங்கள். ஆடி முடித்ததும், சிறந்த நகர்த்தலைக் கணித்துக் காட்டும் கணினி நிரலான இஞ்சினைத் திறப்பதற்கு முன், எந்தெந்த நகர்த்தலில் ஒரு நிமிடத்துக்கு மேல் செலவிட்டீர்கள் என்பதைப் பாருங்கள். தளங்கள் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஆன நேரத்தைப் பதிவுசெய்து காட்டுவதால் இது எளிது. யோசித்த நேரத்தில் பாதி, ஏறக்குறைய சமமான இரண்டு நகர்த்தல்களுக்கிடையே ஊசலாடியே கழிந்திருப்பது பலருக்கு அப்போதுதான் தெரியவரும். பஸில்களைப் பொறுத்தவரை, அரை மணி நேரம் மண்டையைக் குடையும் கடினமானவற்றைவிட, குதிரையின் இரட்டைத் தாக்குதல், பின்னால் உள்ள முக்கியமான காயை மறைத்து நிற்பதால் ஒரு காய் நகர முடியாமல் கட்டுண்டு போகும் ‘பின்’ (pin), கடைசி வரிசை செக்மேட் ஆகியவற்றைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்கப் பழக்கும் எளியவையே இத்தகைய போட்டிக்குப் பயன்படும்.

காய்கள் குறைந்துவிட்ட இறுதிக் கட்டமான எண்ட்கேமில், தனி ராஜாவை யானையைக் கொண்டு செக்மேட் செய்வதையும், ஒற்றைச் சிப்பாயுடன் ராஜாக்கள் எதிரெதிரே நிற்கும் நிலைகளையும், முப்பது வினாடி மட்டுமே மீதமிருப்பதாக வைத்துக்கொண்டு ஆடிப் பழகுங்கள். ஒரு விதியையும் மறக்க வேண்டாம்: எதிராளியிடம் ராஜா மட்டுமே எஞ்சியிருந்தால், உங்கள் நேரம் தீர்ந்தாலும் நீங்கள் தோற்கமாட்டீர்கள், ஆட்டம் டிராவாகும். ஆகவே நேர நெருக்கடியில் எதிராளியின் கடைசிச் சிப்பாயை வெட்டிவிடுவது அரைப் புள்ளியைக் காப்பாற்றக்கூடும்.

கேள்வி: ஸ்விஸ் முறைக்கும் அரீனா முறைக்கும் தனித்தனியாகத் தயாராக வேண்டுமா?

பதில்: ஓரளவுக்கு. ஸ்விஸ் முறையில் சுற்றுகளின் எண்ணிக்கை முன்பே முடிவானது, யாரும் வெளியேற்றப்படுவதில்லை, ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பவர்களே மோதுகிறார்கள். சமநிலையைப் பிரிக்கப் பெரும்பாலும் எதிராளிகளின் புள்ளிகளைக் கூட்டும் புக்கோல்ஸ் முறை பயன்படுவதால், முதல் சுற்றில் தோற்றவர் அதன் பின் எல்லாவற்றையும் வென்றாலும் பின்தங்க நேரலாம். அரீனாவிலோ குறித்த நேரத்துக்குள் எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் ஆடலாம். லிசெஸ் தளத்தின் அரீனாவில் வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1. தொடர்ந்து இரண்டு வெற்றி பெற்றால் அடுத்த ஆட்டத்திலிருந்து புள்ளிகள் இரட்டிப்பாகும். அங்கே தோற்ற நிலையை இழுத்தடிப்பதைவிட ராஜினாமா செய்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போவதே லாபம். ஸ்விஸ் முறையில் அந்த அவசரம் கூடாது, ஏனெனில் சீக்கிரம் முடித்தாலும் அடுத்த சுற்று தொடங்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

கேள்வி: ஆட்டத்தின் நடுவே இணைய இணைப்பு அறுந்தால் என்ன ஆகும்?

பதில்: கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். 2020 ஆகஸ்டில் நடந்த இணையவழி ஒலிம்பியாட்டில் இது உலக அளவிலேயே சர்ச்சையானது. காலிறுதியில் இணைப்பு அறுந்து ஓர் ஆட்டத்தை இழந்த ஆர்மீனிய அணி, தன் மேல்முறையீடு நிராகரிக்கப்பட்டதும் போட்டியிலிருந்து விலகியது. இறுதிச் சுற்றில் இந்திய அணியின் நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் அதே காரணத்தால் நேரத்தை இழந்தபோது, இந்தியாவும் ரஷ்யாவும் கூட்டாக வெற்றியாளர்களாக அறிவிக்கப்பட்டன. பொழுதுபோக்குப் போட்டியில் அப்படியொரு சலுகையை எதிர்பார்க்க முடியாது. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை மாற்று இணைப்பாக முன்கூட்டியே சோதித்து வையுங்கள்; மீண்டும் நுழையக் கடவுச்சொல்லையும் கையருகே வைத்திருங்கள்.

தளத்தின் அமைப்புகளையும் அப்போதே சரிபார்த்துவிடுவது நல்லது. சிப்பாய் தானாக ராணியாகும் வசதி நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் ராணி வந்தால் ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே எதிராளிக்கு நகர்த்த வழியின்றி டிரா) ஆகும் நிலையில் யானையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எதிராளியின் முறையிலேயே நம் நகர்த்தலைப் பதிவுசெய்யும் ப்ரீமூவை, வேறு வழியே இல்லாத பதில்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எதிராளி எதிர்பாராததை ஆடினாலும், விதிப்படி செல்லுமானால் அந்த நகர்த்தல் நடந்தேவிடும்.

கேள்வி: ஆட்டத்தின்போது என் சொந்த ஓப்பனிங் குறிப்பேட்டைப் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. இஞ்சினும் பிறர் உதவியும் எப்படித் தடையோ, நேரடியாக நடக்கும் ஆட்டங்களில் குறிப்புகளும் அப்படியே. நாள்கணக்கில் நடக்கும் அஞ்சல்வகை ஆட்டங்களில் மட்டுமே பல தளங்கள் ஓப்பனிங் நூல்களை அனுமதிக்கின்றன.

கேள்வி: எதிராளி இஞ்சினின் உதவியுடன் ஆடுவதாகச் சந்தேகம் வந்தால்?

பதில்: அரட்டைப் பெட்டியில் குற்றம் சாட்டாதீர்கள். ஆட்டத்தை முடித்துவிட்டுத் தளத்தின் புகார் வசதியிலோ போட்டி நடுவரிடமோ தெரிவியுங்கள். எல்லா நகர்த்தல்களும் பதிவாகியிருப்பதால் அவர்கள் பிறகும் ஆராய முடியும். அடுத்த சுற்றுக்கு முன் கிடைக்கும் சில நிமிடங்களை எழுந்து நடக்கவும் தண்ணீர் குடிக்கவும் பயன்படுத்துங்கள்.