ஹோம்ஸ் ஆய்வாளர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஷெர்லாக் ஹோம்ஸ் ரசிகர்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். துப்பறியும் ஹோம்ஸும் அவருடைய நண்பர் வாட்சனும் நிஜமாக வாழ்ந்தவர்கள் என்று வைத்துக்கொண்டு பல நாடுகளில் ஆய்வுக்கட்டுரை எழுதுகிறார்கள் என்பது விசித்திரமாகப் படுகிறது. அவர்களைப் படைத்த கானன் டாயில் வேகமாக எழுதினார், முன்பு எழுதியதை மறந்துவிட்டார். அவ்வளவுதானே? இதில் ஆராய என்ன இருக்கிறது?

ச.

அன்புள்ள ச.,

டாயில் மறந்துவிட்டார் என்பது சரிதான். ஆனால் அந்தப் பதிலை மட்டும் சொல்லக்கூடாது என்பதுதான் இந்த ஆய்வின் விதி. 56 சிறுகதைகள், 4 நாவல்கள். பெரும்பாலானவற்றை எழுதியவர் வாட்சன், டாயில் அவருடைய இலக்கிய முகவர். இப்படித்தான் தொடங்குவார்கள். ஆசிரியரின் கவனக்குறைவு என்று தப்பிக்க வழியில்லாதபோது ஒவ்வொரு வரியையும் ஊன்றிப் படித்தே ஆகவேண்டும். எனக்கு இதில் பிடித்ததே அந்தக் கட்டாயம்தான்.

வாட்சனின் முழுப்பெயர் ஜான் ஹெச். வாட்சன். 'முறுக்கிய உதடு மனிதன்' கதையில் ஒரு தோழி இரவு நேரத்தில் அழுதுகொண்டே வீட்டுக்கு வருகிறாள். வாட்சனின் மனைவி அவளை உட்காரவைத்து, ஜேம்ஸைத் தூங்கப் போகச் சொல்லட்டுமா என்று கேட்கிறார். யார் இந்த ஜேம்ஸ்? கட்டிய கணவனின் பெயர் மனைவிக்குத் தெரியாதா? துப்பறியும் கதைகள் எழுதிய டோரதி சேயர்ஸ் அந்த 'ஹெச்'சைப் பிடித்துக்கொண்டார். அது எதன் முதலெழுத்து என்று அறுபது கதைகளில் எங்குமே இல்லை. ஹேமிஷாக இருக்கவேண்டும் என்றார் அவர். ஹேமிஷ் ஸ்காட்லாந்துப் பெயர், அதன் ஆங்கில வடிவம் ஜேம்ஸ். ஆக, மனைவி கணவனை அவருடைய நடுப்பெயரால் செல்லமாகக் கூப்பிடுகிறார். ஒரு சின்னப் பிசகிலிருந்து, டாயில் எழுதாத ஒரு தாம்பத்தியம் கிடைத்துவிட்டது. இதை வீண்வேலை என்று என்னால் சொல்லமுடியாது.

'புள்ளிப்பட்டை' கதையில் வரும் இந்தியப் பாம்பு பால் குடிக்கிறது, மணிக்கயிற்றில் ஏறுகிறது, விசில் சத்தம் கேட்டுத் திரும்பி வருகிறது. கதை அதற்குக் கொடுக்கும் 'சதுப்புநில விரியன்' என்ற பெயரில் இந்தியாவில் பாம்பே கிடையாது. சரி, அப்படியானால் அது எந்தப் பிராணி? லாரன்ஸ் கிளாபர், சாரைப்பாம்பு, விரியன் என்று மேலோட்டமாகத் தெரிந்தவர் அல்ல, அமெரிக்காவின் கிலுகிலுப்பைப் பாம்புகளில் பெரிய நிபுணர். அவரே 1948இல் இதற்கென ஒரு கட்டுரை எழுதினார்.

இந்த ஆய்வைத் தொடங்கிவைத்தவர் ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ். 1911இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கட்டுரை வாசித்தார், பைபிளைப் பிரித்து மேய்ந்த அறிஞர்களின் முறையை ஹோம்ஸ் கதைகள் மேல் பிரயோகித்து. அதைப் படித்த டாயிலே, இதற்குப் போய் இவ்வளவு உழைப்பா என்று வியந்து கடிதம் போட்டார். அப்புறம் 1934இல் நியூயார்க்கில் 'பேக்கர் ஸ்ட்ரீட் இர்ரெகுலர்ஸ்' என்ற ரசிகர் சங்கம், 1977இல் ஜப்பானில் ஒரு சங்கம். டெல்லியில் பிரிட்டிஷ் ஹை கமிஷனராக இருந்த பால் கோர்-பூத், 1968இல் ஹோம்ஸ் வேஷத்தோடு, கதையில் ஹோம்ஸ் தன் எதிரியோடு மோதிய சுவிட்சர்லாந்தின் ரைக்கன்பாக் அருவிக்கே போனார். மின்னசோட்டா பல்கலைக்கழகத்திலும் டொரான்டோ பொது நூலகத்திலும் இதற்கென்றே பெரிய சேகரங்கள் இருக்கின்றன.

எல்லாமே உயர்வு என்று சொல்லமாட்டேன். எந்தக் கதை எந்தத் தேதியில் நடந்தது என்ற சண்டை எனக்குச் சீக்கிரம் அலுத்துவிடும். சேயர்ஸ் போன்ற ஒருவர் இவ்வளவு செய்திருந்தும், இர்ரெகுலர்ஸ் பெண்களுக்குப் பொதுவாகக் கதவைத் திறந்தது 1991இல்தான். அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

'என்ன இருக்கிறது' என்று கேட்டீர்கள். லெஸ்லி கிளிங்கர் தொழிலில் வழக்கறிஞர், கதைகள் முழுவதற்கும் விரிவான குறிப்புரை எழுதியவர். ஹோம்ஸை வைத்துப் புதுக்கதைத் தொகுப்பு கொண்டுவர, டாயிலின் வாரிசுகள் தரப்பு உரிமத்தொகை கேட்டது. அவர் 2013இல் வழக்குப் போட்டார். 1923க்கு முன் வெளியான கதைகளில் உள்ள ஹோம்ஸும் வாட்சனும் அமெரிக்காவில் பொதுச்சொத்து என்று 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்தத் தகவல் எந்தக் கதையில் முதலில் வருகிறது என்பதை விரல்நுனியில் வைத்திருந்த ஒரு ரசிகர் நடத்திய வழக்கு அது.