காளையோடு பிறந்த கிடாரியும் மூன்று நிறக் கடுவனும்: கேள்வி பதில்

பெங்களூரில், ஹெப்பால் பக்கம் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில், பொதுவாகப் பெண்ணுக்கு எக்ஸ்எக்ஸ், ஆணுக்கு எக்ஸ்ஒய் இருக்கும். இந்த வழக்கம் மாறிப் பிறக்கும் உயிர்களைப் பற்றி நம் தமிழ் நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஆனேக்கல்): டாக்டரம்மா, எங்கள் கலப்பினப் பசு இரட்டைக் கன்று போட்டிருக்கிறது. ஒன்று காளை, ஒன்று கிடாரி. கிடாரி சினை பிடிக்காது, இப்போதே தள்ளிவிடு என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். உண்மையா?

பெரும்பாலும் உண்மைதான் அண்ணா. காளையோடு ஒரே வயிற்றில் வளர்ந்த கிடாரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மலடு. ஆனால் மீதி சிலவற்றில் உங்களுடையதும் ஒன்றாக இருக்கலாம். சோதிக்காமல் தள்ளாதீர்கள்.

நடப்பது இதுதான். பசுவின் வயிற்றில் இரண்டு கருவின் நஞ்சுக்கொடிகளும் ஒட்டி, ரத்தக் குழாய்கள் இணைந்துவிடுகின்றன. சினையாகி ஏறக்குறைய நாற்பது நாளுக்குள் இது முடிந்துவிடும். காளைக் கருவில் விரை சீக்கிரமே உருவாகி, ஆன்டி முல்லேரியன் ஹார்மோன் என்ற ஒன்றைச் சுரக்கும். கருப்பையாக வளர வேண்டிய குழாயைக் கரைப்பது அதன் வேலை. காளைக்கு அது அவசியம். அதே ரத்தம் கிடாரிக்குள்ளும் ஓடுகிறதே, அங்கேயும் போய் அந்தக் குழாயை அழித்துவிடுகிறது. சூலகம் சுருங்கி, சில சமயம் விரை போலவே மாறிவிடும். ரத்த அணுக்களும் இடம் மாறுவதால், கிடாரியின் ரத்தத்தில் எக்ஸ்எக்ஸ் அணுக்களோடு தம்பியின் எக்ஸ்ஒய் அணுக்களும் வாழ்நாள் முழுக்க இருக்கும். இதை 1945-இல் ரே ஓவன் என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்டு சொன்னார். கருவிலேயே வந்து சேர்ந்த அயல் அணுக்களை உடம்பு எதிர்ப்பதில்லை என்று இதிலிருந்து புரிந்தது. அதன் தொடர்ச்சியாக வந்த ஆராய்ச்சிதான் உறுப்பு மாற்று சிகிச்சைக்கு வழி காட்டியது.

கன்றுக்கு ஒரு மாதம் ஆனதும் மருத்துவரைக் கூப்பிடுங்கள். முனை மழுங்கிய குழாயில் ஜெல்லி தடவி, பிறப்புறுப்பில் மெதுவாக விட்டுப் பார்ப்போம். நல்ல கிடாரியில் 13 முதல் 15 சென்டிமீட்டர் வரை தடையில்லாமல் போகும். மலட்டுக் கிடாரியில் 5 முதல் 8-க்குள் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடும். அந்த முட்டல் விரலுக்கே தெரியும். வெளியே கிளிட்டோரிஸ் சற்றுப் பெரிதாகவும், அடியில் நீளமான மயிர்க்கற்றையோடும் இருந்தால் சந்தேகம் கூடும். உறுதி செய்ய ரத்தத்தில் ஒய் குரோமோசோம் இருக்கிறதா என்று பார்க்கலாம். நீங்களே குச்சி விட்டுப் பார்க்க வேண்டாம், கிழிந்துவிடும்.

வேலைக்கு வந்த புதிதில், சர்ஜாபூர் பக்கம் ஒரு கிடாரிக்கு மூன்று முறை சினை ஊசி போட்டேன். இரட்டையில் ஒன்றா என்று கேட்கவே இல்லை. அந்த அம்மா இரண்டரை வருடம் தீவனம் வாங்கிப் போட்டிருந்தார். அவர் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இப்போது எந்தக் கிடாரியைப் பார்த்தாலும் என் முதல் கேள்வி அதுதான். கூடப் பிறந்த காளை வயிற்றிலேயே கலைந்து, கிடாரி ஒற்றையாகப் பிறப்பதும் உண்டு என்பதையும் மறக்கக்கூடாது.

கேள்வி (கல்லூரி மாணவி, அல்சூர்): ஆடுகள் அடிக்கடி இரட்டை ஈனுகின்றனவே, அவற்றுக்கு ஏன் இந்தச் சிக்கல் இல்லை?

நல்ல கேள்விம்மா. ஆட்டில் நஞ்சுக்கொடி ரத்தக் குழாய்கள் இணைவது அரிது. ரத்தம் கலந்தாலே மலடு என்றும் இல்லை: தென் அமெரிக்க மார்மோசெட் குரங்குகளில் இரட்டைகளின் ரத்தம் வழக்கமாகவே கலக்கிறது, ஆனாலும் பெண்குட்டிகள் நன்றாகவே குட்டி போடுகின்றன.

கேள்வி (ஓசூர்): எங்கள் மோழை ஆடு போட்ட பெட்டைக் குட்டி, வளர வளர கிடா மாதிரி நடந்துகொள்கிறது. தாய்க்கும் கிடாவுக்கும் கொம்பில்லை.

காரணம் அங்கேதான் இருக்கக்கூடும். சானன் போன்ற ஆட்டு இனங்களில் கொம்பைத் தடுக்கும் மரபணு மாற்றமே சூலகத்தையும் கெடுக்கிறது. இரு பக்கமிருந்தும் அது வந்து சேர்ந்தால், ஒய் குரோமோசோமே இல்லாத எக்ஸ்எக்ஸ் குட்டிக்கும் விரை வளர்ந்துவிடும். அடுத்த முறை மோழைக்குக் கொம்புள்ள கிடாவைச் சேருங்கள்.

கேள்வி (மாரத்தஹள்ளி): தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளைப் பூனை கடுவன் என்கிறார் மருத்துவர். மூன்று நிறம் என்றால் பெட்டைதான் என்று கேள்விப்பட்டேனே?

ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸில் இருக்கிறது. ஒவ்வொரு செல்லிலும் ஒரு எக்ஸ் மட்டுமே வேலை செய்யும், மற்றது தூங்கிவிடும். அதனால் ஒரு திட்டு கறுப்பு, ஒரு திட்டு ஆரஞ்சு. அப்படியானால் இரண்டு எக்ஸ் வேண்டும். உங்கள் கடுவன் அநேகமாக எக்ஸ்எக்ஸ்ஒய். மூன்று நிறப் பூனைகளில் மூவாயிரத்துக்கு ஒன்றுதான் இப்படி என்பார்கள். ஒய்-யில் உள்ள எஸ்ஆர்ஒய் மரபணு விரையை உண்டாக்கிவிட்டது. ஆனால் கூடுதல் எக்ஸ் இருந்தால் விந்தணு ஆக வேண்டிய செல்கள் பிழைப்பதில்லை. 1991-இல் எக்ஸ்எக்ஸ் சுண்டெலிக் கருவில் அந்த மரபணுவைச் செலுத்தியபோதும் இதேதான்: ஆணாக வளர்ந்தது, விந்தணு இல்லை. மலடு என்றாலும் ஆண் ஹார்மோன் சுரக்கும். சண்டையும், மூலைக்கு மூலை சிறுநீர் அடிப்பதும் இருக்கும், ஆகவே விரையை நீக்கிவிடுங்கள்.

கேள்வி: கோவேறு கழுதையும் இந்த வகையா?

இல்லை. குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62, இரண்டும் சேர்ந்து பிறக்கும் இதற்கு 63. அவை சரியாக ஜோடி சேராததுதான் அங்கே மலட்டுக்குக் காரணம்.

கேள்வி (ஒரு தாய்): என் மகனுக்குப் பதினாறு வயது. பரிசோதனையில் 47 எக்ஸ்எக்ஸ்ஒய் என்று வந்திருக்கிறது. அவன் ஆண்தானா? நான் சாப்பிட்டது ஏதாவது காரணமா?

ஆண்பிள்ளைதான் அம்மா, அதில் சந்தேகமே வேண்டாம். வழக்கமான 46 குரோமோசோம்களோடு ஒரு எக்ஸ் கூடுதல், அவ்வளவுதான். இதைக் கிளைன்ஃபெல்டர் என்பார்கள், அறுநூறு ஆண்களில் சுமார் ஒருவருக்கு உண்டு. பலருக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியவரும். கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது குரோமோசோம் பிரியாமல் போவதால் வருவது, தாய் தந்தை இருவரில் யாரிடமிருந்தும் வரலாம். நீங்கள் சாப்பிட்டதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. நான் மாட்டு டாக்டர், சிகிச்சைக்கு ஹார்மோன் நிபுணரைப் பாருங்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் சிகிச்சை தொடங்கும் முன்பே, பின்னாளில் அவனுக்குக் குழந்தை பிறப்பது பற்றியும் கேட்டுவிடுங்கள். இப்போது விரையில் நுண்ணோக்கி வைத்துத் தேடினால், ஏறக்குறைய பாதிப் பேரிடம் விந்தணு கிடைக்கிறது. அவனிடம் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி (ஆனேக்கல் அண்ணா மறுபடியும்): சோதித்தோம், 6 சென்டிமீட்டர்தான். மகள் அதற்குப் பேர் வைத்துவிட்டாள், விற்க மனசில்லை.

வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா. உடம்புக்கு ஒரு குறையும் வராது, நன்றாக வளரும், சாணம் உரத்துக்கு ஆகும். பால் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள், சினை ஊசிக்கும் செலவழிக்காதீர்கள். எப்போதாவது கைமாற்றினால், காளையோடு பிறந்தது என்று வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.