பாங்காக்கில் மசாஜ்: 300 பாத் கடையை நம்பலாமா?

கேள்வி: அலுவலக வேலையாகச் சில மாதங்களாக பாங்காக்கில் இருக்கிறேன். நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து கழுத்தும் தோளும் இறுகிப்போகின்றன. தெருவுக்குத் தெரு மசாஜ் கடை. ஒரு மணி நேரத்துக்கு 300 பாத் என்றும் போட்டிருக்கிறார்கள், 1,500 பாத் என்றும் போட்டிருக்கிறார்கள். மலிவான கடைக்குப் போகலாமா? அடுத்த மாதம் அம்மா வருகிறார். 64 வயது, சர்க்கரை உண்டு. அவரையும் அழைத்துப்போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். பெரிய ஸ்பாவில் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் அறைக்கும் நறுமணத்துக்கும் கடைசியில் தரும் இஞ்சி டீக்கும்தான் போகிறது. கைவேலையில் அந்த அளவு வித்தியாசம் இருக்காது. தாய்லாந்தில் 2016-ல் வந்த சட்டப்படி கடைக்கு உரிமம் வேண்டும், மசாஜ் செய்பவரும் பயிற்சி முடித்துப் பதிவு செய்திருக்க வேண்டும். எனவே உள்ளே நுழைந்ததும் சுவரைப் பாருங்கள். உரிமத்தையும் சான்றிதழ்களையும் கண்ணில் படும்படி மாட்டியிருந்தால் நல்லது. விலைப்பட்டியல் வாசலிலேயே இருக்க வேண்டும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் கால் பிடித்துவிடும் சாய்வு நாற்காலிகளும், அதில் தூங்கி வழியும் ஆட்களும் தெரிய வேண்டும். விலையும் போடாமல், திரையும் இழுத்துவிட்டு, வாசலில் நின்று கையைப் பிடித்துக் கூப்பிடும் இடம் என்றால் பேசாமல் நடையைக் கட்டுங்கள்.

இடத்தைப் பொறுத்தும் விலை மாறும். சுகும்வித் சாலையின் நடுப்பகுதியைவிட, அதே ரயில் பாதையில் தள்ளி இருக்கும் ஆன் நுட் பக்கம் மலிவு. அங்கே வரிசையாகக் கடைகள் உண்டு. உள்ளூர்க்காரர்கள் வேலை முடிந்து போகும் கடையாகப் பார்த்துப் போனால் ஏமாற மாட்டீர்கள்.

முதல் தடவை 'தாய் மசாஜ்' என்றே கேளுங்கள். எண்ணெய் கிடையாது, உடையைக் களைய வேண்டியதும் இல்லை. காலைக் கழுவிவிட்டு, தொளதொளவென்று ஒரு சட்டையும் கால்சட்டையும் தருவார்கள். தரையில் மெத்தை. கட்டைவிரல், முழங்கை, முழங்கால், பாதம் எல்லாவற்றாலும் அழுத்தி, கைகால்களை இழுத்து மடக்குவார்கள். பழக்கமில்லாதவருக்கு உயிர் போகும்! பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வதில் ஒரு லாபமும் இல்லை. வலிக்கு எதிராகத் தசை இன்னும் இறுகத்தான் செய்யும். 'பாவ் பாவ்' என்றால் மெதுவாக, 'ஜெப்' என்றால் வலிக்கிறது. இந்த இரண்டு சொல் போதும், காலத்தை ஓட்டிவிடலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்: கழுத்தைச் சடக்கென்று திருப்பிச் சொடுக்கு எடுப்பது. கழுத்தெலும்புக்குள் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அவை கிழிந்தால் பக்கவாதம் வரை போகலாம். அபூர்வம்தான், ஆனால் ஒரு சொடுக்குக்காக அந்த ஆபத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? உட்காருவதற்கு முன்பே கழுத்தைத் தொட்டுக் காட்டி, கையால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் மசாஜ் கூடாது. காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் பிரச்சினைக்கு வாரம் ஒரு மணி நேரம் போதும். அதுவும் இரண்டொரு நாளைக்குத்தான் இதம் தரும். அரை மணிக்கொரு தரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்காவிட்டால், மாதம் முழுக்கப் போனாலும் கழுத்து பழையபடி இறுகிக்கொள்ளும். ஒருவருடைய கைவேலை பிடித்துப்போனால் அவர் பெயரையோ எண்ணையோ கேட்டு வைத்துக்கொண்டு அடுத்த முறையும் அவரையே கேளுங்கள். என்னைக் கேட்டால், கடையைத் தேடுவதைவிட ஆளைத் தேடுவதுதான் முக்கியம்.

அம்மா விஷயத்துக்கு வருவோம். சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். பாத மசாஜில் சின்ன மரக்குச்சியால் அழுத்துவார்கள். அது புண்ணாக்கினாலும் அவருக்குத் தெரியாது. குச்சி வேண்டாம், கையால் மெதுவாகப் போதும் என்று நீங்களே பக்கத்தில் இருந்து சொல்லுங்கள். மூலிகையைத் துணியில் கட்டி ஆவியில் சூடாக்கி ஒற்றடம் கொடுப்பார்கள், அதையும் பாதத்துக்குத் தவிர்த்துவிடுங்கள். காலில் ஆறாத புண், வெடிப்பு இருந்தால் மசாஜே வேண்டாம். எலும்பு தேய்மானம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் இதில் எது இருந்தாலும் முதலில் அவருடைய மருத்துவரைக் கேளுங்கள். முதுகில் ஏறி மிதிப்பது, மடக்கி முறுக்குவது எல்லாம் அந்த வயதுக்குத் தேவையில்லை.

அவரை வாட் போ கோயிலுக்கு அழைத்துப்போகலாம். மன்னர் மூன்றாம் ராமா காலத்தில் உடலின் அழுத்தப் புள்ளிகளைக் கல்லில் வரைந்து பதித்த இடம் அது. 1955 முதல் அங்கே வைத்தியப் பள்ளி நடக்கிறது. புத்தருக்கு வைத்தியம் பார்த்த ஜீவகரைத்தான் தாய் மசாஜ்காரர்கள் குருவாகக் கும்பிடுகிறார்கள் என்று சொல்லுங்கள், அம்மாவுக்குப் பிடிக்கும். கோயில் வளாகத்துக்குள்ளேயே மசாஜ் உண்டு. தெருக்கடையைவிட விலை அதிகம்தான். கூட்டமும் அதிகம், அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

அப்புறம் டிப்ஸ். பல கடைகளில் மாதச் சம்பளம் கிடையாது, செய்த மணிநேரத்துக்கு ஒரு பங்குதான். ஒரு மணி நேரத்துக்கு 50 பாத் கொடுங்கள், நன்றாகச் செய்திருந்தால் 100. கல்லாவில் வைக்காமல் அவர் கையிலேயே கொடுங்கள்.