ழகரமும் நாக்குத் தடிப்பும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் மகனுக்கு ஒன்பது வயது. திருக்குறள் ஒப்புவித்தல் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தான். ‘வாழ்வாங்கு வாழ்பவன்’ என்பதை ‘வாள்வாங்கு வாள்பவன்’ என்கிறான் என்று சொல்லி அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். நாக்கு தடித்திருப்பதால் அவனுக்கு ழகரம் வராது என்றும் சொல்லியனுப்பினார்கள். நாக்கை மடக்கி மேலண்ணத்தில் நன்றாக அழுத்திச் சொல் என்று நானும் ஒரு மாதமாகச் சொல்லிக்கொடுத்துவருகிறேன். ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்த வாக்கியத்தைத் தினமும் இருபது தடவை சொல்ல வைக்கிறேன். அழுத்த அழுத்த ளகரம்தான் திடமாக வருகிறது. எங்கள் வீட்டுப் பேச்சில் எல்லோருமே ‘பளம்’ என்றுதான் சொல்வோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இது உறுப்புக் குறையா? ஓர் எழுத்து வாயில் எப்படித்தான் உருவாகிறது?

ம., விருதுநகர்

அன்புள்ள ம.,

தங்கள் மகன் ளகரத்தைத் திடமாகச் சொல்கிறான் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். ளகரத்துக்கும் நாநுனி பின்னோக்கி வளைந்தாக வேண்டும். அந்த அளவுக்கு வளையும் நாக்கு ழகரத்துக்கு மட்டும் தடித்துவிடாது. நாவின் அடிச்சவ்வு குறுகியிருப்பதால் நாக்கு மேலெழ இயலாத குழந்தைகள் உண்டு என்பது உண்மையே. அவர்களுக்கு ளகரமும் எளிதில் வராது. தவறு, மன்னிக்க வேண்டும், தாங்கள் சொல்லிக்கொடுக்கும் முறையில் இருக்கிறது. அழுத்தச் சொல்கிறீர்கள், பிள்ளை சொன்னபடி அழுத்துகிறான், அழுத்தினால் ளகரம்தான் வரும்.

தங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நுரையீரலிலிருந்து எழும் காற்று குரல்வளையிலுள்ள இரு மடிப்புகளை அதிரச் செய்கிறது. வளர்ந்த ஆணிடம் வினாடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 முறையும், பெண்ணிடம் 200 முறை அளவிலும், சிறுவர்களிடம் அதற்கு மேலும் அவை அதிர்கின்றன. அங்கே பிறப்பது வெறும் ரீங்காரம். அதில் அகரமும் இல்லை, ழகரமும் இல்லை. ஒரே சுருதியில் ‘ஆ’ என்று இழுத்துக்கொண்டே மூச்சை விடாமல் ‘ஈ’ என்று மாற்றிப் பாருங்கள். சுருதி நின்ற இடத்திலேயே நிற்க, எழுத்து மட்டும் மாறிவிடும். மாறுவது குரல்வளைக்கு மேலே, உதடு வரை நீளும் குழாயின் வடிவம். வளர்ந்த ஆணுக்கு அந்தக் குழாய் ஏறத்தாழ 17 செ.மீ. நீளம் இருக்கும். தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்குள் வேலை பார்ப்பவர்கள், ஓசையைக் கேட்டே குடம் நிறையப் போகிறது என்று ஓடிவருவார்கள். விழும் நீர் ஒன்றுதான். குடத்தில் மிஞ்சும் வெற்றிடம் குறையக் குறைய ஓசை மாறுகிறது. வாய்க்குள் அந்த வெற்றிடத்தைக் கணந்தோறும் வெவ்வேறு வடிவமாக வகுத்துத் தருகின்ற வேலையைத்தான் நாக்கு செய்கிறது. வொல்ஃப்காங் வான் கெம்பலன் என்பவர் 1791இல் தம்முடைய பேசும் இயந்திரத்தைப் பற்றி ஒரு நூலே எழுதினார். நுரையீரலுக்குத் துருத்தி, குரல்வளைக்கு அதிரும் ஒரு சீவாளி, வாய்க்கு ஒரு புனல். புனலின் வாயை உள்ளங்கையால் கொஞ்சம் மூடியும் கொஞ்சம் திறந்தும் அவர் உயிரெழுத்துகளை வரவழைத்தார்.

நாக்கு எதையும் நெருங்காமல் நடுவாக இருக்கும்போது, 17 செ.மீ. குழாய், அந்த ரீங்காரத்தில் கலந்திருக்கும் பல அதிர்வுகளில் 500, 1500, 2500 ஹெர்ட்ஸை (வினாடிக்கு அத்தனை முறை) ஒட்டியவற்றைத் தூக்கிக் கொடுக்கும். ழகரத்துக்காக நாநுனி பின்னே வளைந்ததும் மூன்றாவது அதிர்வு வெகுவாக இறங்கி இரண்டாவதை நெருங்கிவிடுகிறது. ‘பழம்’ என்னும்போது நடுவில் ஒலி சற்று இருண்டு குழைவதாகக் கேட்பது இதனால்தான்.

ளகரத்துக்கும் ழகரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காதால் கேட்பதைவிட நாவால் உணர்வது எளிது. ‘பள்’ என்று சொல்லி, நாக்கை அப்படியே நிறுத்திக்கொண்டு, வாய் வழியாக மூச்சை வேகமாக உள்ளே இழுங்கள். நாவின் ஓரங்களில் குளிர்ச்சி படும். நுனி நடுவழியை அடைத்துவிட்டதால் காற்று பக்கவாட்டில் போகிறது. ‘பழ்’ என்று நிறுத்தி அதேபோல் இழுத்தால் குளிர்ச்சி நாவின் நடுவில் ஓடும். இப்போது ஓரங்கள் கடைவாய்ப் பற்களை ஒட்டி உயர்ந்திருக்க, நடுவழி திறந்திருக்கிறது. இரண்டிலும் நுனி வளைகிறது. ஒன்றில் அண்ணத்தைத் தொடுகிறது, மற்றொன்றில் தொடும் தறுவாயில் நின்றுவிடுகிறது.

தொல்காப்பியர், எழுத்துகள் பிறக்கும் விதத்தைச் சொல்லும் பிறப்பியலில் இதற்கென்றே இரண்டு வினைச்சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறார். றகர னகரங்களுக்கு ‘அணரி நுனிநா அண்ணம் ஒற்ற’ என்பவர், ரகர ழகரங்களுக்கு ‘நுனிநா அணரி அண்ணம் வருட’ என்கிறார். அணர்தல் என்றால் மேல்நோக்கி வளைதல். கண்ணாடியும் விளக்கும் கொண்டு பார்க்க இயலாத ஒரு செயலைத் தம் வாய்க்குள்ளேயே உணர்ந்து, ஒற்றுவது வேறு வருடுவது வேறு என்று எழுதிய நுட்பத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். இருப்பினும் ரகரத்தையும் ழகரத்தையும் ஒரே சொல்லில் அடக்கியது எனக்குச் சற்று இடறுகிறது. இன்று நாம் சொல்லும் ரகரத்தில் நாநுனி ஒரு கணமேனும் தட்டிச் செல்கிறது, ழகரத்தில் அதுவும் இல்லை.

‘பளம்’ என்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. தென்மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் பேச்சு வழக்கு அதுவே. வளைந்த நுனி கொஞ்சம் கூடுதலாக எழும்பித் தொட்டுவிட்டால் ளகரம். சென்னையில் ‘பயம்’ என்பவர்களிடம் நுனி வளையாமல் தாழ்ந்திருக்க, நடுநா எழும்பி யகரமாகிவிடுகிறது. பிள்ளை தான் கேட்ட ஒலியைத்தான் சொல்கிறான். ஆகவே முதல் பயிற்சி தங்களுக்கு.

‘ஆ’ என்று குரலை நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே நாநுனியை மெல்லப் பின்னுக்கு வளையுங்கள். எங்கும் முட்டக் கூடாது. ஒலி இருளும் இடத்தில் நிறுத்தி மூன்று வினாடி நீட்டுங்கள். அவனையும் அருகில் அமர்த்தி, மூச்சை உள்ளிழுக்கும்போது குளிர்ச்சி எங்கே படுகிறது என்று மட்டும் கேளுங்கள். சரியா தவறா என்பதை அவனே சொல்வான். ஆழ், வாழ், தாழ் போன்ற சொற்களில் தொடங்குவது நல்லது. ‘கிழி’, ‘விழி’ முதலியவற்றில் இகரம் நாக்கை முன்னுக்குத் தள்ளுவதும் ழகரம் பின்னுக்கு இழுப்பதுமாக இழுபறி நடக்கும். அவை பிறகு வரட்டும். கிழவனும் வழுக்கி விழுந்ததும் நிறைந்த அந்த வாக்கியத்தைக் குறைந்தது ஒரு மாதத்துக்கு அவன் கண்ணில் காட்டாதீர்கள்.