எரிந்துபோன ஃபெராரியை மீட்டெடுப்பதற்குப் பதிலாகப் புதுசாகவே ஒன்று செய்துகொள்ளக் கூடாதா?

கேள்வி கேட்டவர் சொல்வது இதுதான்: எரிந்தோ நசுங்கியோ போன பழைய ஃபெராரி, லம்போர்கினி மேல் கோடிக்கணக்கில் கொட்டி ஓட வைக்கிறார்கள், பாதிக்கு மேல் புதுத் தகடு, பிறகு அதை எப்படிப் பழைய கார் என்கிறார்கள், இது பைத்தியக்காரத்தனம் இல்லையா?

நான் ஃபெராரியைத் தொட்டதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது அப்பாவின் 1978 மாடல் பிரீமியர் பத்மினி. அதுவும் இத்தாலி வம்சம்தான், ஃபியட் 1100-க்குப் பம்பாயில் பிறந்த பிள்ளை. அதை வேலூரில் மூன்று வருஷமாகப் பிரித்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன், ராத்திரியில் ஃபெராரியின் ஊர்ப்பக்கமான இத்தாலியின் மொடேனா பட்டறை வீடியோக்களைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறேன். இவ்வளவுதான் என் தகுதி.

2023 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மான்டரேயில் ஓர் ஏலம் நடந்தது. அதில் 1954-ஆம் வருஷத்து ஃபெராரி 500 மாண்டியல் ஒன்று 18.75 லட்சம் டாலருக்குப் போனது. போட்டோவைத் தேடிப் பாருங்கள், எங்கள் ஊர் காயலான் கடைக்காரரே எடை போட யோசிப்பார். அறுபதுகளில் மோதி எரிந்து, உருகி, காய்ந்த வாழையிலை மாதிரி சுருண்டு கிடக்கும் தகடு. வாங்கியவர் அந்த விலையைக் கொடுத்தது முக்கியமாக ஒரு சேசிஸ் நம்பருக்கும் (வண்டியின் சட்டத்தில் பொறித்த அடையாள எண்), அந்த நம்பரோடு 1954-லிருந்து கூடவே வந்த கொஞ்சம் உலோகத்துக்கும்தான்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. லம்போர்கினி கௌன்டாஷின் முதல் மாதிரியான எல்பி 500, 1971-ல் ஜெனீவாவில் காட்சிக்கு வந்தது. 1974-ல் இங்கிலாந்தில் மோதல் சோதனைக்கு விட்டு நொறுக்கிவிட்டார்கள், ஒன்றும் மிஞ்சவில்லை. பிறகு ஒரு சேகரிப்பாளர் கேட்டதற்காக, லம்போர்கினியின் பழைய வண்டிகளைக் கவனிக்கும் போலோ ஸ்தோரிக்கோ பிரிவு பழைய போட்டோ, வரைபடம், ஆவணம் எல்லாம் தேடியெடுத்து, தகட்டைக் கையாலேயே அடித்து, 25,000 மணி நேரத்துக்கு மேல் உழைத்து 2021-ல் அதை மறுபடி உருவாக்கியது. அழகான வேலை. ஆனாலும் அதை மறு உருவாக்கம் என்றுதான் சொல்கிறார்கள், 1971-ன் கார் என்று யாரும் சொல்வதில்லை. நீங்கள் கேட்ட "புதுசாகவே செய்துகொள்ளலாமே" என்பதற்கு இதுதான் பதில். செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள், ஆனால் அது வேறு கார்.

அதனால் செலவில் நல்ல பங்கு பழைய தகட்டை எவ்வளவு தூரம் தூக்கிப்போடாமல் காப்பாற்றலாம் என்பதற்கே போகிறது. இது எவ்வளவு கஷ்டம் என்பது பட்டறையில் நின்று பார்த்தால்தான் புரியும். எங்கள் வண்டியைப் பார்ப்பவர் கொணவட்டம் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு பாய், நாற்பது வருஷ டிங்கர். அவரிடம் ஒரு வீடியோவைக் காட்டினேன். மணல் பை மேல் அலுமினியத் தகட்டை வைத்து மரச் சுத்தியால் தட்டித் தட்டி வளைவு எடுக்கிறார்கள், அந்தக் காலத்தில் செர்ஜியோ ஸ்காலியெட்டி ஃபெராரிக்கு உடம்பு அடித்ததும் இப்படித்தான். பாய் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு சோப்பு வோணுமே தம்பி, வெச்சிருக்கானா பாரு" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. ஒரு பழைய குண்டான் மூடியை எடுத்துச் செய்து காட்டினார். தட்டத் தட்ட அலுமினியம் விறைத்துக்கொள்ளும், சூடு காட்டித்தான் இளக்க வேண்டும். இரும்பு சூடேறினால் சிவக்கும், கண்ணுக்குத் தெரியும். அலுமினியம் எந்த அறிகுறியும் காட்டாது, சும்மா இருப்பது போலவே இருந்துவிட்டு 660 டிகிரியில் பொத்தென்று ஒழுகிவிடும். அதனால் மூடியில் துணி சோப்பால் ஒரு கோடு கிழித்துவிட்டு, அடியிலிருந்து கேஸ் தீயை நகர்த்தி நகர்த்திக் காட்டினார். கோடு பழுப்பாகி, கறுக்க ஆரம்பித்ததும் தீயை எடுத்துவிட்டார். ஆறிய பிறகு தட்டினால் மூடி சொன்ன பேச்சைக் கேட்டது. பத்து இருபது தட்டில் மறுபடி விறைத்துக்கொண்டது, மறுபடி சோப்பு, மறுபடி தீ. ஒரு மட்கார்டுக்கே இப்படி எத்தனை முறை என்று யோசித்துப் பாருங்கள், அதுவும் ஏற்கெனவே நசுங்கி, விரிசல் விட்ட எழுபது வருஷத் தகட்டில். போதாக்குறைக்கு அந்த வண்டிகளில் அலுமினியத் தோலுக்கு அடியில் இரும்புக் குழாய்ச் சட்டம். இரண்டும் ஒட்டும் இடத்தில் ஈரம் தங்கினால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும், வெளியே பெயின்ட் பளபளவென்றே இருக்கும்.

சீட் தோலிலும் இதே பிடிவாதம்தான். பேரணாம்பட்டில் டேனரியில் முப்பது வருஷம் இருந்த சித்தப்பா, பழைய ஃபெராரி சீட் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இது சாகலடா, கொழுப்பு வத்திப்போயி காஞ்சிருக்குது" என்றார். நெருப்பில் வெந்து சுருங்கிய தோல் என்றால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, இதெல்லாம் வெறும் பெருமைக்கா என்று கேட்டால், எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பத்து வருஷத்துக்கு முன் ஒரு பெயின்டர் (பேர் வேண்டாம்) எங்கள் பத்மினியைப் புதுசு மாதிரி ஆக்கித் தந்தார். இந்த முறை பாய் செய்த முதல் வேலை, ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவு முழுக்க ஓட்டிப் பார்த்தது. பாதி இடத்தில் காந்தம் ஒட்டாமல் கீழே விழுந்தது. "இன்னா தம்பி, இது காரா சுவரா?" உளியால் நெம்பியபோது பட்டி தோசை கனத்துக்குப் பெயர்ந்து வந்தது, உள்ளே துரு ஓட்டை. நம் வெயிலில் மேல்பக்கம் அவ்வளவாகத் துரு பிடிக்காது, பெரும்பாலும் தண்ணீர் தேங்கும் அடிப்பக்கம்தான். மெலிசாகப் பட்டி பார்ப்பதைத் தப்பு சொல்லவில்லை, பள்ளத்தை எடுக்காமல் பட்டியால் ரொப்புவதுதான் அயோக்கியத்தனம். அலுமினிய வண்டியில் காந்த வித்தையும் பலிக்காது, பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் வேண்டும்.

இதைவிடப் பெரிய கூத்து, பானெட்டுக்குள் சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தின் மேலும் பட்டி தடவியிருந்தார். ஆர்.சி. புதுப்பிக்கப் பென்சில் பிரிண்ட் கேட்டார்கள், காகிதத்தை வைத்துத் தேய்த்தால் வெறும் கறுப்பு. பாய் ஒரு மத்தியானம் முழுக்கத் தின்னரும் பஞ்சுமாக உட்கார்ந்து, நம்பர் மேல் உளி படாமல் சுரண்டினார். அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் தேய்த்தபோது ஒவ்வொரு இலக்கமாக எழும்பி வந்தது, கடைசி இலக்கம் மட்டும் மூன்றா எட்டா என்று இரண்டு பேருக்கும் சண்டை. மூன்றுதான், அப்பா சொன்னதுதான் சரி.

ஒரு பிரிண்டைக் கொடுத்துவிட்டோம், இன்னொன்றை அப்பா ஆர்.சி. புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறார். வண்டி இன்னும் பிரைமரோடுதான் நிற்கிறது, கேட்டால் மழை முடியட்டும் என்கிறார் பாய்.